முன்பக்கம் நான், பின்பக்கம் அவன்

தில்லி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது திருநெல்வேலித் தமிழ் பேசினால், நான் கண்டக்டரிடம் இந்தியில் டிக்கெட் கேட்பேன். முகத்தையும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஊர்க்காரனைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன், கர்வி, என்று தெரிந்தவர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கர்வமெல்லாம் இல்லை. சூடு கண்டவன், அவ்வளவுதான். அந்தச் சூட்டை வைத்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. சரியாகச் சொன்னால், வண்டியை எனக்கு வாங்கிக் கொடுத்தவன்.

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளிகளான அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து கம்பெனியை மூடினார்கள். கல்யாணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மொட்டைமாடியில், பர்சாத்தி என்பார்களே, அந்த ஒற்றை அறையில் குடித்தனம். இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. மெட்ராஸ் ரயிலில் வாழையிலைக் கட்டும் தேங்காய் மூட்டையும் முருங்கைக்காயும் வந்து பார்சல் ஆபீசில் கிடக்கும். கரோல் பாக் மெஸ்காரர்களும் ஆர்.கே.புரத்துக் குடும்பங்களும் அதற்காக ஆட்டோ பிடித்து வந்து அல்லாடுவார்கள். ஒரு வண்டி இருந்தால் நாமே எடுத்துப் போய் வீடு வீடாகப் போடலாம் என்று கணக்குப் போட்டேன். வண்டி ஓட்டக் கற்றிருந்தேன். வண்டிதான் இல்லை.

அவனைப் பால் பூத் வரிசையில் பார்த்தேன். முன்னால் இடித்துக்கொண்டு வந்த ஒரு தடியனைப் பார்த்து, "ஏல, தள்ளி நில்லுல" என்றான். தடியனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தள்ளி நின்றுவிட்டான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். விசாரித்தால், என் ஊருக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊர். ஒரு லாரி முதலாளியிடம் மெக்கானிக்காக இருந்தான். எனக்குச் சம வயது, கல்யாணமாகவில்லை, தேவ் நகரில் ஒரு சந்தில் அறை. ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டோம். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, பால் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களாகிவிட்டோம்.

வண்டி அவனுடைய முதலாளியின் வண்டி. ராணுவத்தில் ஓடி, ஏலத்தில் வந்து, லாரிக் கம்பெனிக்குச் சில்லறைச் சாமான் சுமந்த பழைய பிக்கப். "வண்டி கல்லு மாதிரி இருக்குல. முதலாளி சும்மா நிறுத்தி வச்சிருக்காரு. நம்ம ஆளுன்னுதான் ஒனக்குச் சொல்லுதேன்" என்றான். போய்ப் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட், தைத்துப் போட்ட புது சீட், அடியிலெல்லாம் பளபளவென்று கறுப்பு. "துரு ஏறாம இருக்க அடியில பெயிண்ட் நான்தான் அடிச்சேன்" என்று அவனே சொன்னான். நன்றி என்று சொன்னேன் நான். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஒரு பஞ்சாபியிடம் வாங்கியிருந்தால் நான்கு பேரைக் கூட்டிப் போயிருப்பேன். தட்டிப் பார்த்து, படுத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, பிறகும் சந்தேகப்பட்டிருப்பேன். இங்கே நாம் அப்படித்தான். கடைக்காரர், வீட்டுக்காரர், பஸ்காரர் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, நம்ம பேச்சு காதில் விழுந்ததும் சட்டைப்பையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவோம். நான் அந்த வண்டியின் அடியில் நுழைந்துகூடப் பார்க்கவில்லை.

மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரத்தில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை எடுத்தேன். மறுநாளே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி இடது பக்கம் போகும். வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். ஒரு நடை போய் வந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அவனிடம் சொன்னேன். "பழைய வண்டின்னா கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். அலைன்மென்ட் பாத்தா போதும். கடைக்கு எதுக்குப் போற? ஞாயித்துக்கெழம நான் வாரேன், நாமளே பாப்போம்" என்றான்.

அப்படி ஆரம்பித்தவைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். கடையில் விட்டால் வண்டி இரண்டு நாள் நிற்கும், வாழையிலை காத்திருக்காது. அதனால் எல்லாவற்றையும் நாங்களே சந்தில் நிறுத்திப் பார்த்தோம். ஜாக்கி வைத்துத் தூக்குவது, சக்கரத்தைக் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது, முன்சக்கரம் திரும்புகிற கிங் பின்னை மாற்றுவது என்று எல்லாம் அவன் சொல்ல நான் செய்து பழகினேன். டைப் அடித்த விரல்களில் கறுப்பு ஏறி, சோப்புக்கும் போகாமல், மனைவி தனிச் சோற்றுத் தட்டு வைக்கிற அளவுக்கு வந்தது. எனக்கு அதில் பெருமையாகத்தான் இருந்தது.

அலைன்மென்ட் பார்ப்பதற்கு மெஷின் எதுவும் எங்களிடம் கிடையாது. ஒரு சணல் கயிறுதான். பின்சக்கரத்தில் கட்டி, அந்தச் சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல முன்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். முன்சக்கரம் கயிற்றைத் தொடுகிறதா, விலகி நிற்கிறதா, எந்த ஓரத்தில் விலகுகிறது என்று பார்த்து, இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற டை ராடைத் திருகிச் சரி செய்ய வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் கயிற்று முனையைப் பிடிக்க, மற்றவன் சக்கரத்தின் அருகே குந்திப் பார்க்க. "நான் பிடிக்கேன், நீ பாரு. ஓட்டுதவன் கண்ணுதான் சரியா இருக்கும்" என்பான். எல்லா ஞாயிறும் முனையைப் பிடித்தது அவன்தான்.

வேலையையும் அவனே பங்கு பிரித்திருந்தான். முன்பக்கம் நான், பின்பக்கம் அவன். "முன்னாடிதான் உயிர் இருக்கு. அத நீயே கைப்பட பாரு. பின்னாடி நான் பாத்துக்கிடுதேன்" என்பான். சாமான் ஏற்றுகிற பின்தொட்டிக்கு அடியில் முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு அவன் நுழைந்துபோவான். நான் இன்ஜினுக்கு அடியில் கிடப்பேன். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நீளம் இருக்கும். படுத்தபடியே ஊர்க்கதை பேசுவோம். மேலே மாடியிலிருந்து மனைவி, "அண்ணாச்சியையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பான். தங்கச்சி, தங்கச்சி என்று வாய் ஓயாது. தில்லியில் எனக்கு வீடு மாதிரி இருந்த நாட்கள் அவைதான். இதை எழுதும்போதும் ஆத்திரமாக வருகிறது, ஆனால் பொய் சொல்ல மாட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வண்டி மட்டும் திருந்தவில்லை. முன் டயர்கள் ஒரு பக்கமாகவே தேய்ந்தன. வாரத்துக்கு ஒரு குற்றவாளியை அவன் கண்டுபிடிப்பான். ஒரு வாரம் டை ராட் முனை, ஒரு வாரம் ஸ்பிரிங் புஷ், ஒரு வாரம் சக்கர பேரிங். நான் மோத்தியாகான் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி வந்து மாட்டுவேன். மாட்டின இரண்டு நாள் தேவலை போலத் தோன்றும். தோன்ற வேண்டும் என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டேன். ஒருமுறை அங்கே ஒரு சர்தார்ஜி கடைக்காரர், நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பின்னாலிருந்து கத்தினார்: "ஓ மத்ராசி பாய்! காடி டேடி சல் ரஹி ஹை!" வண்டி கோணலாகப் போகிறது என்றார். இவருக்கு என்ன, இன்னும் நாலு சாமான் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நிற்காமல் வந்தேன். ஞாயிறன்று அவனிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "அவனுக்கு யாவாரம் ஆவணும்லா!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

பங்குனி உத்திரத்துக்கு மலை மந்திர் போக வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். அப்போது ஏழு மாதம். வண்டியில் கூட்டிப் போகலாமா என்று அவனிடம்தான் கேட்டேன். கோயிலுக்குப் போகிற அன்று காலையில் வேலைக்குப் போகும் முன் வந்து, டை ராடையும் நட்டுகளையும் இறுக்கிவிட்டு, "தாராளமா கூட்டிட்டுப் போ" என்றான். மாடிக்கு ஏறித் தலையணையை எடுத்து வந்து, அவள் முதுகுக்குத் தோதாக அவனே வைத்துக் கொடுத்தான். கதவைச் சாத்தி, சாத்தியதா என்று இழுத்தும் பார்த்தான்.

ரிட்ஜ் ரோட்டில் முந்தின நாள் பெய்த மழையின் ஈரம். வளைவில் எதிரே ஒரு பஸ் நடுரோட்டில் வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டியின் பின்பகுதி ஒரு பக்கம் போனது, முன்பகுதி இன்னொரு பக்கம் போனது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் கேட்கவில்லை. ரோட்டைவிட்டு இறங்கி, ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்க, முள்மரத்தில் முட்டி நின்றது. மனைவி கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று நான்தான் கத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. யாரோ புண்ணியவான்கள் வண்டியைத் தூக்கி ரோட்டில் விட்டார்கள். அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை.

சாயங்காலம் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்து, "தங்கச்சி, தங்கச்சி" என்று இரண்டு முறை சொன்னான். எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, "ஈர ரோட்டுல இப்பிடியால பிரேக் பிடிப்பாவ?" என்றான். குற்றம் என் காலில் இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொண்டேன். அவளிடம் எத்தனை நாள் மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய், பெண் குழந்தையோடு புரட்டாசியில் திரும்பினாள். நான் அதற்குள் இரண்டு ஜோடி டயரைத் தின்றிருந்த அந்த வண்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். வண்டி நேரானால்தான் இந்தப் பிழைப்பு நிலைக்கும், இல்லாவிட்டால் மறுபடி யாராவது ஒரு முதலாளியின் வாசல் என்பது தெளிவாகிவிட்டது. அவன் குழந்தையை "மருமவளே" என்று கூப்பிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் உலாத்துவான்.

ஆயுத பூசை வந்தது. அவன் முதலாளியின் லாரியோடு ஜெய்ப்பூர் போயிருந்தான். போன வருடம் பூசையை நடத்தி வண்டியை நகர்த்தியது அவன்தான். இந்த முறை நாங்களே செய்தோம். மனைவி சந்துத் தரையைக் கழுவி, வண்டிக்கு முன்னால் தரையெல்லாம் அடைக்கிற மாதிரி பெரிய கோலம் போட்டாள். பச்சரிசி மாவு, தாராளமாக. பஞ்சாபிப் பெண்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, பழம் வைத்து, கற்பூரம் காட்டி, நான் வண்டியை மெதுவாகக் கோலத்தின் மேல் ஏற்றிச் சந்து முனை வரை ஓட்டி நிறுத்தினேன். இறங்கித் திரும்பி வந்தால் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. ரெண்டு கோடுதான விழணும்? நாலு விழுந்திருக்கு."

நாலு கோடு. முன்சக்கரம் மாவைத் தொட்டுப் போட்ட தடம் இரண்டு. அதற்குப் பக்கத்தில், இரண்டும் ஒரே அளவு விலகி, பின்சக்கரங்கள் போட்ட தடம் இரண்டு. சந்தின் நீளத்துக்கும் வெள்ளையாக ஓடியது. நேராகப் போகிற வண்டியில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வரும். இது நண்டு மாதிரி பக்கவாட்டாக நடக்கிற வண்டி. முன்பக்கத்தை எவ்வளவு திருகினாலும் சரியாகாது, ஏனென்றால் கோணல் முன்பக்கத்தில் இல்லை. கயிற்றை எந்தப் பின்சக்கரத்தில் கட்டினோமோ அதுவே கோணலாக நின்றிருக்கிறது.

பட்டு வேட்டியோடு பின்பக்கத்தின் அடியில் நுழைந்தேன். வண்டி வாங்கிய பிறகு நான் அங்கே போவது அதுதான் முதல் தடவை. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன், உளியால் சுரண்டினேன். கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே தார். தாருக்குக் கீழே, வண்டி முழுவதையும் தாங்குகிற சேஸிஸ் சட்டத்தில், கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தது. அந்த இடத்தில் சட்டம் வளைந்திருந்தது. தார் மட்டும் பழையது இல்லை. ஞாயிறுதோறும் அவன் கிடந்த இடத்தில், விரிசல் விட விட, புதிது புதிதாகப் பூசி மேலே பெயிண்டும் அடித்திருந்தது.

மனைவியிடம், "பின்னாடி ஏதோ கோளாறு, பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அண்ணாச்சி என்று அவள் சொல்கிற சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறன்று அவன் வந்தான். நான் உளியை எடுத்து வண்டியின் அடிப்பக்கம் காட்டினேன். அவன் குனிந்து பார்க்கவில்லை. அவனுக்கு என்ன பார்க்க இருக்கிறது?

"யாரு இடிச்சா?" என்று கேட்டேன்.

"நான்தான்." தரையைப் பார்த்தபடி சொன்னான். "லாரிய ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால நின்ன இது மேல இடிச்சிட்டேன். வண்டிய வித்துக் குடுத்தா வேலைல இருக்கலாம், இல்லன்னா ஊருக்குப் போன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா வாங்கியிருப்பியால?"

எவ்வளவு எளிதான பதில். எனக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை, கேட்டேன். "அந்தக் கயித்து முனைய நீ ஏன் எப்பவும் பிடிச்ச?" அவன் பெருவிரலை மட்டும் ஆள்காட்டி விரலின் மேல் வைத்து ஒரு இழை நகர்த்திக் காட்டினான். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. நான் குந்தி உட்கார்ந்து ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்த ஒவ்வொரு தடவையும், அவன் விரல் கயிற்றை அந்த இழையளவு நகர்த்தியிருக்கிறது. நான் "சரியா இருக்குல!" என்று சந்தோஷமாகக் கத்தியிருக்கிறேன்.

"உத்திரத்தன்னைக்குமா?"

"அவ்வளவு தூரம் ஆகும்னு நெனைக்கல."

"தலகாணி வச்சியேல!" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. மேலே கேட்டுவிடுமோ என்று நிறுத்திக்கொண்டேன். "சரி, வித்தாச்சு, ஒன் வேலயும் தப்பிச்சாச்சு. பொறவு எதுக்குல வாராவாரம் வந்த?"

திரும்பி நடக்கப் போனவன் நின்று சொன்னான். "ஞாயித்துக்கெழம எனக்கு வேற எங்க போவ இருக்கு?"

போய்விட்டான். அடித்திருக்கலாம் என்று பல வருடங்கள் நினைத்திருக்கிறேன். அவன் அழுதிருந்தாலோ காலில் விழுந்திருந்தாலோ காரித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். அவன் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிரியமும் நிஜம், ஏமாற்றியதும் நிஜம் என்றால் நான் எதைத் தூக்கி எறிவது?

அந்த வாரம் வண்டியை எடுக்கவில்லை. மெஸ்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்றேன். அடுத்த ஞாயிறு காலையில் மாடிச் சுவரோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவன்தான். ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, டை ராடைத் திருகிக்கொண்டிருந்தான். அங்கே செய்ய எதுவும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கழற்றுவான், துடைப்பான், மறுபடி மாட்டுவான்.

"அண்ணாச்சி வந்திருக்காவ, நீங்க என்ன இங்கன இருக்கிய? தனியா கெடந்து கஷ்டப்படுதாவ, போயி ஒரு கை பிடிங்க" என்றாள் மனைவி. அடுப்பில் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டிருந்தாள்.

அப்போதுதான் சொன்னேன். வெல்டிங், கயிறு, விரல், உத்திரத்தன்று காலை, எல்லாவற்றையும். கேட்டுவிட்டு அவள், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் வந்து நின்றாள்.

"இவிய கீழ வரமாட்டாவ" என்று கீழே பார்த்துச் சொன்னாள். அண்ணாச்சி என்று சொல்லவில்லை. "நீங்க போங்க. இனிமே வர வேண்டாம்."

சத்தம் நின்றது. அவன் அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்று, சட்டையிலேயே கையைத் துடைத்தான். வெயில் கண்ணில் விழ, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"போறேன் தங்கச்சி. பிள்ளைய மட்டும் ஒருக்கா இந்தப் பக்கம் திருப்பிக் காமியேன்" என்றான்.

அவள் குழந்தையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவன் மேலே பார்த்தபடியே நின்றான். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.